இன்ஜின் புளூபிரிண்டிங்: பழைய பத்மினிக்கு அது தேவையா, அதில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

குன்னூர்_பத்மினி:
வணக்கம். அப்பா காலத்து பிரீமியர் பத்மினி ஒன்று வைத்திருக்கிறேன், 1089 சிசி பெட்ரோல். ஷெட்டில் மூடி வைத்த வண்டி இல்லை, வாரம் தவறாமல் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிற வண்டி. கொஞ்ச நாளாக மரப்பாலம் தாண்டியதும் இழுவை விழுந்துவிடுகிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே விட்டுக்கொண்டு வந்து கல்லாறில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலமாக ஒரு புகை கிளம்பி அப்புறம் அடங்குகிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து இங்கே குன்னூரிலேயே கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று) பார்த்தேன்: 118, 116, 92, 115 பிஎஸ்ஐ.

இன்ஜினைப் பிரிக்கலாம் என்று விசாரித்தால், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி (போரிங்) புது பிஸ்டன் போட்டுத் தர ஒரு ரேட், "புளூபிரிண்ட்" செய்து தர அதற்கு மேல் பாதி என்கிறார்கள். அதில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் "எல்லாம் பக்காவா பண்ணித் தருவோம் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பணம் கொடுக்கத் தயங்கவில்லை, ஆனால் எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஊட்டி_4000ஆர்பிஎம்:
118 என்பதே ரொம்பக் குறைவு அண்ணா. நாலு சிலிண்டரும் போய்விட்டது. யோசிக்காமல் போரிங் போட்டுவிடுங்கள். கூடவே புளூபிரிண்டும் செய்தால் பவர் ஏறும், ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கோத்தகிரி_ஜிப்ஸி:
எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஜிப்ஸி இன்ஜினைப் பிரித்தபோது ஒரு பட்டறையில் இதே வார்த்தையைச் சொல்லி பில்லில் தனி வரியாகவே போட்டார்கள். வண்டி வந்தது, நன்றாகத்தான் ஓடியது. ஆனால் முடிந்த பிறகு போர் (சிலிண்டர் துளை) அளவு என்ன, பிஸ்டன் கேப் (இடைவெளி) என்ன, கிராங்க் மெட்டலுக்கு (கிராங்க் சுற்றுகிற பேரிங்குக்கு) எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எடுத்துக்காட்ட அவர்களிடம் இல்லை. பந்தய வண்டிக்கு இதெல்லாம் சரி. ரேஷன் வாங்கப் போகிற வண்டிக்கு நல்ல மெக்கானிக், நல்ல பிஸ்டன் செட், ஒழுங்கான டார்க் ரெஞ்ச் போதும் என்பதுதான் என் கருத்து.

மேட்டுப்பாளையம்_லேத்:
கோத்தகிரிக்காரர் கேட்டுக் கிடைக்காத அந்தக் காகிதத்துக்குப் பேர்தான் புளூபிரிண்டிங். காகிதம் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி.

முதலில் 118 பற்றி. ஊட்டித் தம்பி, கேஜ் காட்டுவது வெளிக்காற்றை வைத்துத்தான். குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இன்ஜின் உள்ளே இழுக்கிற காற்றும் அதே விகிதத்தில் குறையும், கேஜும் அப்படியே குறைத்துக் காட்டும். கீழே 145 காட்டவேண்டிய இன்ஜின் குன்னூரில் 116 காட்டினால் அது ஆரோக்கியமாக இருக்கிறது. கோளாறு மூன்றாவது சிலிண்டரில் மட்டும். குன்னூர் அண்ணா, அந்த பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பாருங்கள். நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இதைப் பார்க்காமல் யாரிடமும் ரேட் பேச வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு அளவு வைத்து, அதிலிருந்து கூடக்குறைய இவ்வளவு போகலாம் என்று ஒரு வரம்பும் வைத்திருக்கும். போர் விட்டம், கிராங்க் ஜர்னல் (மெட்டலுக்குள் சுற்றும் பகுதி), கனெக்டிங் ராடு நீளம், பிஸ்டன் எடை, ஹெட்டில் பெட்ரோல் எரிகிற சேம்பரின் கொள்ளளவு எல்லாவற்றுக்கும் இது உண்டு. ஆயிரக்கணக்கில் செய்யும்போது வரம்புக்குள் வந்தால் பாகம் பாஸ். ஆனால் ஒரு சிலிண்டரில் நீளமான ராடு, சின்ன சேம்பர் என்று சேர்ந்துவிடும், பக்கத்துச் சிலிண்டரில் எல்லாம் நேர்மாறாக அமையும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குறை இல்லை, சேர்த்துப் பார்த்தால் நாலு சிலிண்டரும் நாலு விதம். புளூபிரிண்டிங் என்பது ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, எழுதிவைத்து, அந்த வரம்புக்குள் எந்த அளவு வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, நாலையும் அந்த ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவில் கம்பெனி பாகத்தை மாற்றக் கூடாது என்று விதி இருந்த பந்தயப் பிரிவுகளில் இது வேரூன்றியது. பாகத்தை மாற்ற முடியாது, ஆனால் கம்பெனி அனுமதித்த வரம்பின் சாதகமான ஓரத்துக்கே எல்லாவற்றையும் கொண்டுவர முடியும் இல்லையா, அதைத்தான் செய்தார்கள்.

கணக்கில் பார்த்தால் இன்னும் விளங்கும். பத்மினி போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. ஒரு சிலிண்டர் 272.4 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 8க்கு 1 என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மீதி இருக்க வேண்டிய இடம் 38.9 சிசி. ஒரு சிலிண்டரில் அது 38 ஆகவும் இன்னொன்றில் 41 ஆகவும் இருந்தால் முதலாவது 8.17, மற்றது 7.64. இக்னிஷன் டைமிங்கோ நாலுக்கும் ஒன்றுதான். 8.17 சிலிண்டர் ஏற்றத்தில் தட்டாமல் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்து டக் டக் என்று சத்தம் வராமல்) இருக்கும்படி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால் மற்ற மூன்றும் முழு வேலை செய்யாமல் ஓடும். ஐடிலில் ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும், கார்புரேட்டரை எத்தனை தடவை பிரித்தாலும் போகாது.

சேம்பரை அளப்பது கஷ்டமில்லை. வால்வையும் பிளக்கையும் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ஓட்டை போட்ட தடிமனான அக்ரிலிக் தகட்டை ஓரத்தில் கிரீஸ் தடவி அதன் மேல் ஒட்டி, பள்ளி லேபில் இருக்கிற பியூரெட் மாதிரி ஒன்றில் மண்ணெண்ணெய் எடுத்து, காற்றுக்குமிழ் கடைசியாக அந்த ஓட்டை வழியே வெளியேறும்வரை சொட்டுச்சொட்டாக விட வேண்டும். ஹெட்டை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தால்தான் குமிழ் ஓட்டைக்கு வரும். எத்தனை சிசி இறங்கியது என்று எழுதிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு சேம்பரையும் இரண்டு தடவை. வால்வு சீட் வெட்டிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் சீட் வெட்டினால் வால்வு உள்ளே இறங்கி கொள்ளளவு கூடிவிடும். பிறகு சின்னதாக இருக்கிற சேம்பரில் கொஞ்சம் உலோகம் எடுத்துப் பெரியதோடு சமப்படுத்துவது, மொத்தமாகக் குறைக்க வேண்டியதை ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவும் ஃபேசிங்கில் எடுப்பது. வரிசை மாறினால் உழைப்பு வீண்.

கூடலூர்_டீசல்:
லேத் அண்ணா சொன்னதோடு டீசல்காரர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். பல டீசல் இன்ஜின்களில் கம்பெனியே இந்த அளவை எடுக்கச் சொல்லித்தான் மேனுவலில் போட்டிருக்கும். பிளாக் மட்டத்துக்கு மேல் பிஸ்டன் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்து, அதற்கேற்ற தடிமனில் ஹெட் கேஸ்கெட் வாங்க வேண்டும். கேஸ்கெட் ஓரத்தில் வெட்டோ ஓட்டையோ அடையாளமாக வைத்திருப்பார்கள். நம்ம ஆட்கள் கடைக்குப் போய் ஜீப்புக்கு ஒரு ஹெட் பேக்கிங் என்று கேட்டு வாங்கிப் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் குளிர் காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது, வெள்ளைப் புகை தள்ளுகிறது என்று டீசல் தெளிக்கும் நாசிலைக் குறை சொல்கிறார்கள். நாலு நாசிலும் ஒரே அழுத்தத்தில் திறக்கிறதா, பம்ப் நாலு லைனுக்கும் ஒரே அளவு டீசல் தள்ளுகிறதா என்று பெஞ்சில் போட்டுப் பார்ப்பதும் இதே வேலையில் ஒரு பகுதிதான்.

குன்னூர்_பத்மினி:
லேத் அண்ணா, ரொம்ப நன்றி. ஆயில் விட்டுப் பார்த்தேன். மூன்றாவது 92லிருந்து 96க்குத்தான் போனது. அப்படியென்றால் வால்வுதானே?

மேட்டுப்பாளையம்_லேத்:
வால்வுதான். அந்த நீலப் புகையும் அதையே சொல்கிறது. இறக்கத்தில் த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் உச்சத்தில் இருக்கும், வால்வு கைடு தேய்ந்திருந்தால் தண்டு வழியாக ஆயிலை உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பர்லியாரிலிருந்து சேர்ந்ததெல்லாம் கல்லாறில் மிதித்தவுடன் எரிந்து புகையாக வருகிறது. சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இதே இன்ஜினில் இந்தப் புகை கண்ணிலேயே பட்டிருக்காது.

ஆகவே போரிங் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். ஹெட்டை இறக்குங்கள், போரை அளக்கச் சொல்லுங்கள். போர் டயல் (துளையின் உள் விட்டம் அளக்கும் கருவி) வைத்து மேலே, நடுவில், கீழே என மூன்று இடம், ஒவ்வோர் இடத்திலும் கிராங்க் வாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. ஒரு சிலிண்டருக்கு ஆறு, மொத்தம் 24 எண்கள். அளக்கிறவர் பக்கத்தில் நின்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊட்டி_4000ஆர்பிஎம்:
கம்ப்ரஷன் விஷயத்தைத் திருத்தியதற்கு நன்றி அண்ணா. இன்னொரு சந்தேகம். ஊட்டியில் காற்று குறைவு என்கிறீர்கள், அப்படியானால் ஹெட்டை நன்றாக ஃபேசிங் பண்ணி கம்ப்ரஷனை ஏற்றிவிட்டால் இழந்த பவர் திரும்பி வருமா? அதையும் புளூபிரிண்டிங் என்று சொல்லலாமா?

மேட்டுப்பாளையம்_லேத்:
இல்லை தம்பி, அது மாடிஃபிகேஷன். போர்ட்டைத் தேய்த்துப் பாலிஷ் போடுவதும், பெரிய கார்புரேட்டர் வைப்பதும் அந்தக் கணக்குதான். செய்யக் கூடாது என்று சொல்லவில்லை, வேறு வேலை என்கிறேன். பேலன்சிங்கும் (ஓடும் பாகங்களின் எடையைச் சமப்படுத்துவது) இதனோடு சேர்த்துச் செய்யப்படுகிற, ஆனால் தனியான வேலை.

ஊட்டி 2240 மீட்டர், அங்கே காற்று கீழே இருப்பதில் முக்கால் பங்கும் சொச்சமும்தான். டர்போ இல்லாத இன்ஜின் எதுவானாலும் அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பவர் இழக்கும். அளவு சரிபார்த்து அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கம்ப்ரஷனை ஏற்றினால் ஊட்டியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்குக் கொஞ்சம் பலன் உண்டு, தட்டாது. ஆனால் நம்ம வண்டிகள் அப்படியா ஓடுகின்றன? காலையில் ஊட்டி, மதியம் மேட்டுப்பாளையம், உயரம் 300 மீட்டர் சொச்சம், ஏப்ரல் வெயில். அங்கே நாலு பேரை ஏற்றிக்கொண்டு மறுபடி ஏறும்போது முதல் வளைவிலேயே தட்ட ஆரம்பிக்கும், பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேடு உடைகிறவரை தட்டும். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே வாரத்தில் போய் வருகிற இன்ஜினுக்குக் கம்பெனி சொன்ன கம்ப்ரஷனே நாலிலும் சமமாக இருந்தால் அதுதான் சிறந்தது. ஊட்டியில் புகையும் பெட்ரோல் வாடையும் அடித்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டைப் பாருங்கள், உயரத்தில் கலவை தானாகவே ரிச் ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடிவிடும்.

கோத்தகிரி_ஜிப்ஸி:
விளக்கம் நன்றாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வாதம் வைக்கிறேன். ஜிப்ஸி, 800 போன்ற வண்டிகளில் பிஸ்டனுக்குக் கிரேடு எண் அடித்து வருகிறது, மெயின் மெட்டலில் பச்சை, மஞ்சள், நீலம் என்று பெயின்ட் குறி இருக்கிறது, கிராங்க்கில் எண் பொறித்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து இந்த வண்ணம் போடு என்று மேனுவலில் அட்டவணையே இருக்கிறது. கம்பெனியே பாதி செய்துவிட்டது. மீதிக்கு இவ்வளவு செலவு தேவையா?

மேட்டுப்பாளையம்_லேத்:
நல்ல கேள்வி. புது கிராங்க், தொடாத பிளாக் என்றால் நீங்கள் சொல்வது முழுக்க சரி. ஆனால் கிராங்க்கை ஒரு தடவை கிரைண்டிங் போட்டுவிட்டால் பொறித்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அதன் பிறகு கிரைண்டிங் போட்டவர் கை எப்படியோ அப்படித்தான் அளவு. ஹெட்டை ஃபேசிங் போட்டால் ஜிப்ஸி மாதிரி கேம் மேலே இருக்கிற இன்ஜினில் கிராங்க்குக்கும் கேமுக்கும் உள்ள தூரம் குறைந்து வால்வு டைமிங் பின்தங்கும். மார்க் எல்லாம் நேராக நிற்கும், டைமிங் மட்டும் சரியாக இருக்காது. கிராங்க்கில் மாட்டுகிற டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்துப் பார்க்காமல் அது தெரியாது. இரண்டாவது, மூன்றாவது தடவை பிரிக்கிற இன்ஜினுக்குத்தான் இந்த அளவெடுப்பு மிகவும் தேவை.

மெட்டல் கேப் பார்க்கிற முறையைச் சொல்கிறேன், இதை வைத்தே பட்டறையை எடைபோடலாம். ஜர்னலை மைக்ரோமீட்டரில் பிடித்து, அந்த மைக்ரோமீட்டரைப் பூட்டிவிட்டு, அதற்குள் போர் டயலை விட்டு சைபர் வைக்க வேண்டும். பிறகு ராடில் மெட்டலைப் போட்டு, ராடு மூடியை முழு டார்க்கில் இறுக்கி, அதற்குள் போர் டயலை விட்டால் முள் காட்டுவதே நேரடியாக இடைவெளி. இரண்டு கருவிகளின் பிழையும் இதில் அடிபட்டுப் போகும். 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. பக்கம் என்பது பழைய வழக்கு, சரியான வரம்பு அந்தந்த மேனுவலில் இருக்கும். கையால் ஆட்டிப் பார்த்து "ஓகே" சொல்கிற இடத்தில் கிராங்க்கைக் கொடுக்காதீர்கள்.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிசம்பர் காலையில் குன்னூர் வீட்டில் 12 டிகிரியில் பிஸ்டனை அளந்து எழுதிக்கொண்டு, கீழே 34 டிகிரி வெக்கையில் போரை அளந்து இரண்டையும் கழிக்கிறீர்கள். அலுமினியம் பிஸ்டன் அந்த 22 டிகிரிக்கு 0.03 மி.மீ. பெருத்துவிடும், அதாவது ஒரு தௌவுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல். காகிதத்தில் வருகிற கேப்பில் அவ்வளவும் பொய். பல பிஸ்டன்களுக்கு மொத்த கேப்பே 0.05 பக்கம்தான், அதில் 0.03 இல்லை என்றால் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும். பிஸ்டனையும் பிளாக்கையும் ஒரே அறையில் ஓர் இரவு சேர்த்து வைத்துவிட்டு அளப்பதுதான் முறை. நான் பிளாக்கை மதிய வெயிலில் அளப்பதே இல்லை.

குன்னூர்_பத்மினி:
ஹெட்டை இறக்கிவிட்டோம். நீங்கள் சொன்னது அப்படியே. மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்தில் எரிந்து ஒரு பிறை மாதிரி போயிருக்கிறது. கைடுகள் எல்லாமே ஆடுகின்றன. போரை உங்கள் முறைப்படி 24 இடத்தில் அளக்கச் சொன்னேன், பக்கத்தில் நின்று எழுதினேன். மேலே ரிங் நிற்கிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம், அதுவும் கீழ்ப்பகுதியைவிட அதிகபட்சம் 0.06 மி.மீ. சேம்பர் நாலும் சீட் வெட்டுவதற்கு முன்னால் சும்மா ஒரு கணக்குக்குப் பார்த்தோம், இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே 2 சிசிக்கு மேல் வித்தியாசம். முன்னால் யாரோ ஒரே ஒரு சேம்பரில் மட்டும் கிரைண்டர் வைத்த தடம் தெரிகிறது.

கோத்தகிரி_ஜிப்ஸி:
0.06க்கு போரிங் எதற்கு? அண்ணா, அந்தப் பட்டறை முதல் நாளே போரிங் ரேட் சொன்னார்களே, அளக்காமலே!

மேட்டுப்பாளையம்_லேத்:
போரிங் வேண்டாம். மேல் விளிம்பில் உள்ள மேட்டை ரிட்ஜ் ரீமரில் எடுத்துவிட்டு, கல்லால் லேசாகத் தேய்த்து (ஹோனிங்) குறுக்குக்கோடு விழவைத்து, பிஸ்டன் ஸ்கர்ட்டும் ரிங் பள்ளமும் அளவில் இருந்தால் அதே பிஸ்டனில் புது ரிங் போடுங்கள். ரிங்கை ஒவ்வொன்றாக அதனதன் சிலிண்டரில் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகக் கீழே தள்ளி, ஃபீலர் கேஜில் வாய் இடைவெளி பாருங்கள். தேய்மானம் குறைவாக இருக்கிற கீழ்ப்பகுதியில் பார்க்க வேண்டும். 68 போருக்கு 0.27 மி.மீ. பக்கம் இருக்கட்டும், ரிங் பெட்டியில் கம்பெனி வேறு எண் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் ரிங் ஃபைலரில் ராவலாம், கூடினால் ரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போரிங்குக்கு வைத்த பணத்தில் ஹெட்டை முழுதாகச் செய்யுங்கள்: புது கைடு, சீட், வால்வு, அப்புறம் சேம்பர் நாலும் அரை சிசிக்குள் சமம். ராடுகளை இறக்குவதால் பிஸ்டனோடு எடை பாருங்கள், நகைக்கடைத் தராசு இருந்தால் போதும். ராடுக்கு மட்டும் ஒரு முனையைத் தொங்கவிட்டு மறு முனையைத் தராசில் வைத்துப் பெரிய முனை தனியாக, சின்ன முனை தனியாக எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று சுற்றுகிறது, மற்றது மேலும் கீழும் போகிறது. இருப்பதில் இலகுவானதற்கு மற்ற மூன்றையும் இறக்குங்கள். வரிசையாக நாலு சிலிண்டர் இருக்கிற இன்ஜினில் ஓரத்து இரண்டு பிஸ்டனும் நடு இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், எடை சமமாக இருந்தாலே பாதி நடுக்கம் போய்விடும். கிராங்க்கை அளந்து, வரம்புக்குள் இருந்தால் கிரைண்டிங் போடாமல் புது மெட்டல் மட்டும் போடுங்கள்.

குன்னூர்_பத்மினி:
அப்படியே செய்கிறேன் அண்ணா. எல்லா எண்களையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வேலை முடிந்ததும் இங்கே போடுகிறேன். கடைசியாக ஒன்று: வண்டியைக் கீழேதான் மாட்டுவார்கள். ரிங் செட்டாக முதல் நாளே அதை ஓட்டி மலை ஏற்றலாமா, லாரியில் ஏற்றி வருவதா?

மேட்டுப்பாளையம்_லேத்:
லாரி வேண்டாம், உடனே மலையும் வேண்டாம். ரிங் படிய லோடு தேவை, ஆனால் விட்டுவிட்டுக் கொடுக்கிற லோடு. அன்னூர் பக்கம் சமதள ரோட்டில் மூன்றாவது கியரில் கொஞ்சம் மிதிப்பது, விடுவது, மறுபடி மிதிப்பது என்று ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், ஐடிலில் நிறுத்தி வைத்துச் சூடேற்ற வேண்டாம். டாப்பெட்களை எந்தக் கேம் லோபில் இருந்ததோ அதே இடத்தில் திரும்பப் போட்டார்களா என்று மாட்டும்போதே கேட்டுவிடுங்கள். ஓட்டி வந்து ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி டார்க் வையுங்கள், வைத்தால் டாப்பெட் கேப் மாறும், அதையும் செட் பண்ணுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள், ஹோனிங் துகள் அதில்தான் இருக்கும். அதற்கப்புறம் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே திணறவிடாமல் குன்னூர் ஏறலாம், பர்லியாரில் ஒரு தடவை நிறுத்தி ரேடியேட்டர் ஹோஸையும் ஹெட் ஓரத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.